வடசென்னையிலிருந்து முதல் விமானப் பயணம்: பட்ஜெட் டிக்கெட்டில் போய்வர முழுமையான வழிகாட்டி

அந்தமானுக்கு நம் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் போய்ச் சேர மூன்று நாள் ஆகும். மீனம்பாக்கத்தில் விமானம் ஏறினால் ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரம். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் போர்ட் பிளேரிலோ கோலாலம்பூரிலோ சொந்தக்காரர் இருக்கிற குடும்பங்கள் உண்டு. லீவு விட்டால் பிள்ளைகளைக் கோவாவுக்குக் கூட்டிப்போக ஆசைப்படுகிற குடும்பங்களும் உண்டு. அவர்களில் முதல் தடவை விமானம் ஏறப் போகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். வீட்டில் யாரும் இதுவரை போனதில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை என்பதற்காக யாரும் கவுண்டரில் நின்று திண்டாடக் கூடாது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். பட்ஜெட் விமானத்தில் நீங்கள் பார்க்கும் விலை உட்கார்ந்து போகும் இடத்துக்கு மட்டும்தான். சீட் தேர்வு, சாப்பாடு, தேதி மாற்றம் எல்லாம் தனிக் கணக்கு. பல டிக்கெட்டுகளில் பெட்டிக்கும் தனியாகக் கட்ட வேண்டும். அதே பெட்டிக்கு வீட்டிலிருந்தே ஆன்லைனில் கட்டினால் ஒரு விலை, விமான நிலையக் கவுண்டரில் கட்டினால் அதைவிட அதிக விலை. ஆக, காசு மிச்சமாவதும் வீணாவதும் பெரும்பாலும் கிளம்புவதற்கு முன்பே வீட்டில் முடிவாகிவிடுகிறது.

இந்த விமானங்கள் ஓடும் விதம்

இந்தியாவில் இந்தக் கதையைத் தொடங்கி வைத்தது 2003-இல் கேப்டன் கோபிநாத் ஆரம்பித்த ஏர் டெக்கான். இப்போது நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், ஸ்பைஸ்ஜெட், ஆகாசா என்று பல பெயர்கள் தெரியும். வெளிநாட்டுக்கு ஏர்ஏசியா, ஸ்கூட் போன்றவை இருக்கின்றன. பெயர் எதுவானாலும் தொழில் ஒன்றுதான். பெரும்பாலும் ஒரே வகை விமானத்தையே வாங்குவார்கள். அதில் 180 பேருக்கு மேல்கூட உட்கார வைப்பார்கள். தரையிறங்கிய விமானம் அரை மணி நேரத்திலேயே அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும். விமானம் வானத்தில் இருக்கும் நேரம்தான் அவர்களுக்கு வருமானம்.

இதில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. காலையில் கிளம்பிய அதே விமானம்தான் ராத்திரி வரை ஊர் ஊராகப் போய்வருகிறது. காலையில் ஒரு ஊரில் முக்கால் மணி நேரம் தாமதமானால், அந்தத் தாமதம் மாலை வரை தொடரும். அதனால் காலை விமானம்தான் நேரத்துக்குக் கிளம்ப வாய்ப்பு அதிகம். ஆனால் 5 மணி, 6 மணி விமானம் மலிவாகத் தெரிகிறதே என்று அதை எடுக்காதீர்கள். அந்த நேரத்துக்கு மெட்ரோ கிடையாது. எண்ணூரிலிருந்தோ மணலியிலிருந்தோ விடியற்காலை மூன்று மணிக்கு டாக்சி பிடித்தால், டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது டாக்சிக்கே போய்விடும். வடசென்னைக்காரர்களுக்கு என் சிபாரிசு காலை 8 முதல் 10 மணிக்குள் கிளம்பும் விமானம். முதல் மெட்ரோவில் ஏறினாலும் நிதானமாகப் போய்ச் சேரலாம்.

டிக்கெட் போடும்போது

முதல் பக்கத்தில் காட்டும் விலையை வைத்து ஒப்பிடாதீர்கள். பெட்டியைச் சேர்த்து, வரி சேர்த்து, பணம் கட்டும் கடைசிப் பக்கம் வரை போய் அங்கே வரும் தொகையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று விமானங்களுக்கு இப்படிச் செய்தால், முதலில் மலிவாகத் தெரிந்தது கடைசியில் மலிவாக இல்லாததும் நடக்கும். இன்சூரன்ஸ், முன்னுரிமை போர்டிங், நன்கொடை என்று நீங்கள் கேட்காததில் டிக் விழுந்திருந்தால் எடுத்துவிடுங்கள். கேட்காததைக் கூடையில் போடுவது 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்படி தடை செய்யப்பட்டது. இருந்தாலும் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

மண்ணடியிலோ பாரிமுனையிலோ உள்ள டிராவல்ஸ் கடையில் போடுவதானால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: "அண்ணே, போன் நம்பரும் மெயிலும் எங்களுடையதையே போடுங்க." கடைக்காரர் வேலை சுலபமாக முடியட்டும் என்று தன் நம்பரைப் போட்டுவிடுவார். பிறகு விமான நேரம் மாறினால் செய்தி அவருக்குப் போகும். அவர் கவனிக்காவிட்டால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

தேதியில் இன்னொரு கண்ணி. தென்கிழக்காசியா போகும் விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டிக் கிளம்புகின்றன. டிக்கெட்டில் "ஞாயிறு 00.30" என்று இருந்தால், நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டியது சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு. ஞாயிறு ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். டிக்கெட் வந்த அன்றே வீட்டுக் காலண்டரில் "சனி இரவு 7.30 – வீட்டிலிருந்து கிளம்பணும்" என்று எழுதி மாட்டிவிடுங்கள்.

இரண்டு விமானம் மாறிப் போவதாக இருந்தால், இரண்டும் ஒரே டிக்கெட்டில், ஒரே பிஎன்ஆரில் (டிக்கெட் பதிவு எண்ணில்) இருக்கட்டும். தனித்தனியாக வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்ட நஷ்டம் உங்களுடையது. இரண்டாவது விமானக்காரருக்கு உங்கள் முதல் விமானத்தைப் பற்றி எந்தக் கடமையும் இல்லை. முதல் பயணத்துக்கு நேர் விமானமே நல்லது.

நாள் பார்க்கும்போது சென்னையின் வானத்தையும் பாருங்கள். போகிப் புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்தால் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாது. 2018 போகி அன்று விமானங்கள் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் திருப்பி விடப்பட்டன. போகி காலை டிக்கெட் வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் போவதானால், போகிற நாளுக்கும் அங்கே முக்கியமான நிகழ்ச்சிக்கும் நடுவில் ஒரு நாளாவது இடைவெளி வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் விமான நிலையத்தையே மூட வேண்டி வந்தது.

பெயர், இனிஷியல்

தமிழர்கள் அதிகம் சிக்குவது இங்கேதான். நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். டிக்கெட் படிவம் கேட்பதோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு.

உள்நாட்டுப் பயணம் என்றால், கையில் எடுத்துப் போகப் போகிற அடையாள அட்டையை மேசையில் வைத்துக்கொண்டு, அதில் இருக்கிற எழுத்தை அப்படியே போடுங்கள். ஆதாரில் "செல்வி கே" என்று இருந்தால் கடைசிப் பெயர் இடத்தில் "கே" போடலாம். ஒற்றை எழுத்தைப் படிவம் ஏற்கவில்லை என்றால் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ முழுசாக எழுதுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர், கல்யாணத்துக்குப் பிறகு அட்டையில் மாற்றாத பெயர், இதெல்லாம் டிக்கெட்டில் வரவே கூடாது.

வெளிநாடு என்றால் பாஸ்போர்ட் ஒன்றுதான் கணக்கு. அதில் குடும்பப் பெயர் என்ற கட்டமும், கொடுக்கப்பட்ட பெயர் என்ற கட்டமும் தனித்தனியாக இருக்கும். குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும் பாஸ்போர்ட்டுகள் நம் பக்கம் அதிகம். அப்படி இருந்தால், ஒரே பெயரை இரண்டு இடத்திலும் போடச் சொல்லும் விமான நிறுவனங்கள் இருக்கின்றன. நீங்கள் போகும் விமானம் என்ன சொல்கிறது என்பதை அவர்கள் இணையதளத்தின் உதவிப் பக்கத்தில் பார்த்துவிட்டுப் போடுங்கள். பணம் கட்டிய உடனே டிக்கெட்டைத் திறந்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். தவறு தெரிந்தால் அன்றே கூப்பிட்டுத் திருத்தக் கேளுங்கள். ஓரிரு எழுத்துப் பிழையை அன்றே சொன்னால் திருத்துவது சுலபம். கிளம்பும் நாளில் கவுண்டரில் சொன்னால் காசும் கேட்பார்கள், நேரமும் போகும். ஒருவர் டிக்கெட்டில் இன்னொருவர் போக முடியாது.

பெட்டி: கிலோவும் சென்டிமீட்டரும்

உள்நாட்டு விமானங்களில் வழக்கமான அளவு, கையில் எடுத்துப் போக 7 கிலோ, கவுண்டரில் கொடுத்து விமானத்தின் கீழே சரக்கு அறையில் போட 15 கிலோ. பெட்டி இல்லாத மலிவு டிக்கெட்டையும் இப்போது விற்கிறார்கள். அதில் 15 கிலோ இருக்காது. வெளிநாட்டுப் பட்ஜெட் விமானங்களில் பெரும்பாலும் கைப்பை மட்டும்தான் டிக்கெட்டில் சேர்த்தி. கீழே போடும் பெட்டியை 20 கிலோ, 25 கிலோ என்று தனியாக வாங்க வேண்டும். டிக்கெட்டில் பெட்டிக்கு நேராக என்ன எண் எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் திறக்கவே வேண்டும்.

பயணத்துக்கென்று பர்மா பஜாரிலோ ஈவ்னிங் பஜாரிலோ புதுசாகப் பெரிய டிராலி வாங்குவது பலரும் செய்வது. பட்ஜெட் விமானத்துக்கு அது சரியான செலவு இல்லை. கைப்பை அளவுள்ள கெட்டி டிராலியே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். 7 கிலோவில் அது போனால் உங்கள் துணிமணிக்கு மிஞ்சுவது நாலு கிலோ. ரெக்சின் பையோ முதுகுப் பையோ ஒரு கிலோகூட வராது. தோளில் மாட்ட முடிகிறவர்கள் பையே எடுத்துப் போங்கள். டிராலிதான் வேண்டும் என்றால் சக்கரம், கைப்பிடி எல்லாம் சேர்த்து டேப் வைத்து அளங்கள். பல விமானங்கள் கேட்பது 55 சென்டிமீட்டர் உயரம், 35 அகலத்துக்குப் பக்கத்தில். சக்கரத்தோடு சேர்த்து 58 வந்தால், விமான நிலையத்தில் பை அளவு பார்க்க வைத்திருக்கும் கம்பிச் சட்டத்துக்குள் நுழையாது.

எடை பார்க்க, கொக்கியில் மாட்டித் தூக்கும் சின்ன டிஜிட்டல் தராசு பாரிமுனைக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். தெருவில் நாலு வீட்டுக்குச் சேர்த்து ஒன்று இருந்தால் போதும். ஆள் நிற்கும் எடை மிஷின் இருந்தால் பையோடு ஏறி நில்லுங்கள், பிறகு பையில்லாமல் நில்லுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். எந்த வழியானாலும் 7 கிலோ அனுமதி என்றால் ஆறரைக்கு நிறுத்துங்கள். கடைசி நேரத்தில் அம்மா ஒரு டப்பா கொடுப்பார். அதற்கு அந்த அரை கிலோ. உள்நாட்டிலேயே கூடுதல் எடைக்கு விமான நிலையத்தில் கிலோவுக்கு ஐநூறு ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள். நாலு கிலோ கூடினால் ஒரு ஆளின் டிக்கெட்டில் பாதியே போய்விடக்கூடும்.

இனி என்ன எங்கே வைப்பது என்பது. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், கீழே போகும் பெட்டியில் வைக்கவே கூடாது. அதன் பேட்டரி தீப்பிடித்தால் மேலே இருக்கும் ஊழியர் அணைக்க முடியும், சரக்கு அறைக்குள் முடியாது என்பதுதான் காரணம். 100 வாட்-அவர் வரை அனுமதி. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 10,000, 20,000 எம்ஏஎச் இரண்டும் அதற்குள் வந்துவிடும். பறக்கும்போது அதில் போனைச் சார்ஜ் போடாதீர்கள்.

தீப்பெட்டி, லைட்டர் இரண்டும் எதிலும் கூடாது. கோயிலுக்குப் போகிறவர்கள் கற்பூரத்தையும் கொப்பரைத் தேங்காயையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கொப்பரையில் எண்ணெய் அதிகம், சுலபமாகத் தீப்பற்றும் என்பதால் பெட்டியிலும் தடை. கத்தி, அரிவாள்மனை, கத்தரிக்கோல் எல்லாம் கீழே போகும் பெட்டியில். ஊறுகாய், தொக்கு, மிளகாய்ப் பொடி, தேங்காய் எண்ணெய், நெய் எல்லாமும் அங்கேயே. மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பிளாஸ்டிக் கவரில் போட்டு, பெட்டியின் நடுவில் துணிக்குள் வையுங்கள்.

காசிமேட்டுக் கருவாடு கொண்டு போகாமல் அந்தமான் சொந்தக்காரர் வீட்டுக்கு எப்படிப் போவது என்று கேட்பவர்கள் உண்டு. நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து, காற்று உறிஞ்சி ஒட்டும் கவரில் போட்டு, அதை மூடி இறுகும் டப்பாவுக்குள் வைத்து, கீழே போகும் பெட்டியில் வைத்தால் உள்நாட்டில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். வாசனை வெளியே வந்தால் கவுண்டரிலேயே நிறுத்துவார்கள், அது அவர்கள் உரிமை. வெளிநாட்டுக்கு மீன், இறைச்சி, விதை, செடி கொண்டு போக நாட்டுக்கு நாடு விதி வேறு. போகிற நாட்டின் விதியைப் படிக்காமல் எடுத்துப் போகாதீர்கள். அந்தமானிலிருந்து திரும்பும்போது கடற்கரையில் பொறுக்கிய பவளத் துண்டுகளைப் பெட்டியில் வைக்காதீர்கள். செத்த பவளமானாலும் வனவிலங்குச் சட்டப்படி எடுத்து வரக் கூடாது, போர்ட் பிளேர் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள்.

கைப்பையில் தண்ணீர் மாதிரி ஊற்றக்கூடியது எதுவானாலும் 100 மில்லிக்கு மேல் வேண்டாம். இட்லி, சப்பாத்தி, புளிசாதம் உள்நாட்டில் தாராளமாக எடுத்துப் போகலாம். சாம்பாரும் தயிரும் சோதனையில் நிற்கும். பாட்டிலை வெறுமையாக எடுத்துப் போய், சோதனை முடிந்ததும் உள்ளே குடிநீர்க் குழாயில் நிரப்பிக்கொள்ளுங்கள். சில வெளிநாட்டுப் பட்ஜெட் விமானங்களில் வெளிச் சாப்பாடு சாப்பிட அனுமதி இல்லை. அவற்றில் ஏறும் முன்பே காத்திருக்கும் இடத்தில் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

இரண்டு நாள் முன்னால்: வெப் செக்-இன்

வெப் செக்-இன் என்றால் வீட்டிலிருந்தே இணையத்தில் சீட்டை உறுதி செய்து, விமானம் ஏறக் காட்ட வேண்டிய போர்டிங் பாஸை எடுத்துக்கொள்வது. உள்நாட்டு விமானங்கள் பலவற்றில் கிளம்புவதற்கு 48 மணி நேரத்துக்கு முன் அது திறக்கும். பிஎன்ஆர் போட்டு உள்ளே போனால் சீட் படம் வரும். எல்லா சீட்டுக்கும் ஒரு விலை போட்டிருப்பது போலத் தெரியும். கட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. தவிர்த்துவிட்டுத் தொடர வழி கீழே சின்ன எழுத்தில் இருக்கும், அவர்களே ஒரு சீட் கொடுத்துவிடுவார்கள். 12 வயது வரையுள்ள பிள்ளையை அதே பிஎன்ஆரில் உள்ள அப்பா அம்மாவில் ஒருவர் பக்கத்திலாவது உட்கார வைக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ 2024-இல் சொல்லிவிட்டது. பிள்ளைக்காகச் சீட்டுக்குக் காசு கட்டத் தேவையில்லை. முட்டி வலி உள்ள தாத்தாவுக்கு நடைபாதை ஓர சீட் வாங்கிக் கொடுப்பது மட்டும் கட்டத் தகுந்த காசு.

போர்டிங் பாஸை போனில் படமாகவும் சேமியுங்கள், தெருமுனைக் கடையில் அச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் சார்ஜ் இறங்கினாலும் தாள் இருக்கும். நடக்க முடியாதவர்களுக்கு வீல்சேர் உதவியை இரண்டு நாள் முன்பே பதிவு செய்யுங்கள். தேவையுள்ளவர்களுக்கு அது இலவசம். வரிசையில் நிற்காமல் தப்பிப்பதற்காக நடக்க முடிகிறவர்கள் கேட்டால், உண்மையில் முடியாத ஒரு பாட்டிக்கு அன்று நாற்காலி இல்லாமல் போகும்.

வெளிநாடு போகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் வேலை. பாஸ்போர்ட் காலாவதியாக ஆறு மாதமாவது இருக்கட்டும். மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் போகும் முன் அந்தந்த அரசுத் தளத்தில் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும், தரையிறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள். இரண்டும் இலவசம். காசு கேட்கிற தளம் என்றால் அது அரசுத் தளம் இல்லை. விசா விதி மாறிக்கொண்டே இருப்பது, டிக்கெட் போடும்போது ஒரு தடவை, கிளம்பும் வாரம் ஒரு தடவை பாருங்கள். பத்தாவது முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் இசிஆர் என்ற குறிப்பு இருக்கும். சில நாடுகளுக்கு வேலைக்குப் போகும் முன் அரசின் அனுமதி வேண்டும் என்று அதற்கு அர்த்தம். மலேசியாவும் தாய்லாந்தும் அந்தப் பட்டியலில் உள்ள நாடுகள் என்பதால் குடியேற்ற அதிகாரி நாலு கேள்வி அதிகம் கேட்பார். திரும்பி வரும் டிக்கெட், தங்குமிடப் பதிவு இரண்டையும் தாளில் எடுத்துப் போய்க் காட்டி, சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும்.

வடசென்னையிலிருந்து மீனம்பாக்கம்

2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டது வடசென்னைப் பயணிகளுக்குக் கிடைத்த பெரிய உதவி. திருவொற்றியூர் தேரடி, காலடிப்பேட்டை, டோல்கேட், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை எங்கே ஏறினாலும் வண்டி மாறாமல் நேராக விமான நிலையத்திலேயே இறங்கலாம். கட்டணம் ஐம்பது ரூபாயைத் தாண்டாது. விம்கோ நகரிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம். முதல் ரயில் காலை 5 மணிக்கு, கடைசி ரயில் இரவு 11-க்கு. கண்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும் நாளில் கார் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மெட்ரோவுக்கு அந்தக் கவலை இல்லை.

பெரம்பூர், வியாசர்பாடி, கொளத்தூர் பக்கத்துக்காரர்கள் சென்ட்ரல் வந்து அங்கே மெட்ரோ மாறலாம். மழை நாளில் கணேசபுரம் சுரங்கப்பாதையை நம்பி ஆட்டோவில் கிளம்பாதீர்கள். தண்ணீர் நின்றால் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். ராயபுரத்துக்காரர்களுக்கு இன்னொரு வழி, கடற்கரை நிலையத்தில் தாம்பரம் மின்சார ரயில் ஏறித் திரிசூலத்தில் இறங்குவது. மெட்ரோவுக்கு முன்பே அந்த ரயில் ஓடத் தொடங்கிவிடும், கட்டணமும் மிகக் குறைவு. திரிசூலத்தில் இறங்கி ஜிஎஸ்டி சாலையைச் சுரங்கப்பாதை வழியாகக் கடந்தால் எதிரே விமான நிலையம். படி ஏறி இறங்க வேண்டும், அதனால் கனமான பெட்டியும் வயசானவர்களும் இருந்தால் மெட்ரோவே மேல்.

எந்த முனையம் என்பதை டிக்கெட்டில் பாருங்கள். உள்நாட்டுக்கு ஒன்றாம், நான்காம் முனையங்கள், வெளிநாட்டுப் புறப்பாட்டுக்கு இரண்டாம் முனையம். மெட்ரோ நிலையத்திலிருந்து நடைமேம்பாலம் வழியாகப் போகலாம். உள்நாடு என்றால் விமானம் கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பும், வெளிநாடு என்றால் மூன்று மணி நேரம் முன்பும் வாசலில் இருங்கள். கவுண்டர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். ஏறும் வாசல் 20, 25 நிமிடம் முன்பு மூடும். விமானம் கண்ணெதிரே நின்றாலும் அதற்குப் பிறகு விட மாட்டார்கள், கெஞ்சியும் பயனில்லை. வழியனுப்ப வருகிறவர்கள் வாசலோடு நின்றுவிட வேண்டியதுதான்.

உள்ளே நுழைந்ததும்

வாசலில் சிஐஎஸ்எஃப் காவலர் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் எதுவானாலும் சரி, அசலைக் காட்டுங்கள். ஜெராக்ஸ் செல்லாது. குடும்பத்தில் ஒருவரே எல்லார் அட்டையையும் வைத்திருந்தால் வாசலில் கலைத்துப்போட்டுத் தேட வேண்டியிருக்கும். ஆளுக்கு ஒன்றாகக் கையில் கொடுத்துவிடுங்கள். காசு கொடுத்து டீ குடிக்க வேண்டும் என்றால் முதல் முனையத்தில் 2025-இல் திறந்த உடான் யாத்ரி கஃபேயைத் தேடுங்கள். டீ 10 ரூபாய், காபி 20 ரூபாய் என்று தொடங்கினார்கள்.

கவுண்டரில் பெட்டியைக் கொடுத்ததும் ஒரு சின்ன ஒட்டுச் சீட்டு தருவார்கள். பெட்டி வராமல் போனால் அந்தச் சீட்டுதான் ஆதாரம், பத்திரமாக வையுங்கள். அதன்பின் பாதுகாப்புச் சோதனை. போன், லேப்டாப், பவர் பேங்க், சில்லறை, பெல்ட் எல்லாவற்றையும் தட்டில் போடுங்கள். பெண்களைத் திரை மறைவில் பெண் காவலர்தான் சோதிப்பார். தாலியையோ கொலுசையோ பொதுவாகக் கழற்றச் சொல்வதில்லை. கையில் வைத்திருக்கும் கருவி அந்த இடத்தில் பீப் என்று கத்தும், அவர்கள் தொட்டுப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். குழந்தையின் அரைஞாண் கயிறுக்கும் அதேதான். கத்தியதும் பயந்துபோய் நிற்கும் பெரியவர்களுக்கு இதை முன்பே சொல்லி வையுங்கள்.

பிறகு போர்டிங் பாஸில் உள்ள வாசல் எண்ணுக்குப் போய் உட்காருங்கள். ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம், திரையைப் பாருங்கள். வாசல் எண் கடைசி நேரத்திலும் மாறும்.

விமானத்துக்குள்

பையை மேலே வைத்து, பெல்ட் போட்டு, போனை ஃபிளைட் மோடில் மாற்றினால் முடிந்தது. ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் சரியாகும். பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் மிட்டாய் கொடுங்கள், கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள். குளிரும், அம்மாவுக்கு ஒரு சால்வை. தண்ணீர் கேட்டால் கொடுப்பார்கள், கூச்சப்பட வேண்டாம்.

தாமதம், ரத்து, திரும்பப் பெறுவது

மலிவு டிக்கெட் வாங்கியவருக்கு உரிமையும் குறைவு என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. டிஜிசிஏ விதிகள் எல்லா விமானத்துக்கும் ஒன்றுதான். குறுகிய தூர விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடும் குடிக்கவும் தர வேண்டும். உள்நாட்டு விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் வேறு விமானமோ முழுப் பணமோ, எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம். டிக்கெட் உறுதியாக இருந்தும் இடம் இல்லை என்று ஏற்றாமல் விட்டு, ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானமும் தராவிட்டால் நஷ்டஈடு உண்டு. 24 மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தந்தால் அது 10,000 ரூபாய் வரை, அதற்கும் மேல் ஆனால் 20,000 ரூபாய் வரை. புயல் மழையால் நின்றால் மட்டும் நஷ்டஈடு கிடையாது, பணமோ மாற்று விமானமோதான்.

கேட்கும்போது சத்தம் போடாமல், "எத்தனை மணிக்குக் கிளம்பும், மாற்று என்ன என்று எழுத்தில் கொடுங்க" என்று கேளுங்கள். தாமதத்தைக் காட்டும் திரையைத் தேதி, நேரம் தெரியப் படம் எடுத்து வையுங்கள். நிறுவனம் பதில் தராவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா செயலியில் புகார் போடலாம். பெட்டி வரவில்லை அல்லது உடைந்து வந்தது என்றால், பெட்டி எடுக்கும் கூடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அங்குள்ள கவுண்டரில் எழுதிக் கொடுத்து நகல் வாங்குங்கள். வீட்டுக்கு வந்து சொன்னால் நிரூபிப்பது கஷ்டம்.

நீங்களே போக முடியாமல் போனாலும் மொத்தப் பணமும் போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள். பணம் திரும்பாது என்று சொல்லி விற்ற டிக்கெட்டானாலும், விமானத்தையே தவறவிட்டாலும், அரசு வரிகளும் விமான நிலையப் பயனாளர் கட்டணமும் உங்களுக்குத் திரும்ப வர வேண்டியவை. நாலு பேர் குடும்பத்துக்கு அது கணிசமான தொகை. கேட்காதவர்களுக்குத் தானாக வராமல் போகலாம். டிக்கெட் எடுத்த தளத்தில் பிஎன்ஆர் போட்டுத் திரும்பப்பெறும் விண்ணப்பம் கொடுங்கள். டிராவல்ஸ் கடையில் எடுத்திருந்தால் கடைக்காரரிடமே எழுதிக் கேளுங்கள், பணத்தைத் திருப்பித் தர வேண்டிய பொறுப்பு அவர் வழியாக எடுத்திருந்தாலும் விமான நிறுவனத்துக்குத்தான்.